பூவும் பழமும் சேர்ந்த சென்ட்: மலையகத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு ஃபென்சி கடையின் மூலையில் நான் சென்ட் விற்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வளையலும் கிளிப்பும் வாங்க வருபவர்கள் கண்ணாடி அலுமாரியின் முன்னால் நின்று கேட்கும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வகையைப் பற்றியவை: இளஞ்சிவப்புப் போத்தல், பெட்டியில் ஒரு பூ, பக்கத்தில் ஒரு பழம். ஆகவே இந்தப் பக்கம் முழுக்க அந்த வகைக்குத்தான். ஊதுபத்தி, அத்தர், உடல் தூள் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூ-பழ வகை என்றால் எப்படி மணக்கும்? பழரசம் கொட்டிய மாதிரியா?

இல்லை. மாத்தளையில் என் அம்மாயி வீட்டு வேலியோரம் ஒரு மனோரஞ்சிதக் கொடி இருந்தது. அதன் பூ பச்சையாகப் பூத்து இலையோடு இலையாக ஒளிந்துகொள்ளும். மஞ்சளாக மாறும் நாளில்தான் மணம் அதைக் காட்டிக்கொடுக்கும். மனதில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்தப் பழமாக அது மணக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் வாழைப்பழம் என்பேன், அண்ணன் பலாப்பழம் என்று சண்டைக்கு வருவான். இருவருமே சரிதான். பழுத்த பழங்களில் இருக்கும் எஸ்டர் என்ற சேர்மங்கள் அந்தப் பூவிலும் உண்டு. இன்று போத்தலில் வரும் பூ-பழச் சென்ட் செய்ய முயல்வதை அந்தக் கொடி யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்தது.

போத்தலில் இருக்கும் கட்டமைப்பு பெரும்பாலும் இப்படித்தான்: நடுவில் மல்லிகை, ரோஜா, பியோனி போன்ற ஒரு பூ. அதன் தலையில் பேரிக்காய், பீச், ஆப்பிள், ராஸ்பெரி, கறுப்புத் திராட்சை என்று ஏதாவது ஒரு பழம். காலடியில் வெள்ளைக் கஸ்தூரி என்று அழைக்கப்படும் சலவைத்துணி மணம், கொஞ்சம் வனிலா, கொஞ்சம் மரம். பழைய காலத்துப் பூச்சென்ட் பட்டுச் சேலை கட்டிய பெரியம்மா மாதிரி நிமிர்ந்து நிற்கும். இது பருத்திச் சட்டை போட்ட மருமகள் மாதிரி. கலகலப்பு, வெளிச்சம், யாரோடும் உடனே ஒட்டிக்கொள்ளும் குணம்.

"ஷாம்பு மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. இதே மணப்பொருள்களைத்தான் ஷாம்புவிலும் துணிக்கஞ்சியிலும் மலிவாகக் கலக்கிறார்கள். என் கணக்கு ஒன்றுதான்: நல்ல சென்ட்டில் பழம் பூவுக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மோசமானதில் பழம் கதவை மறித்துக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே நிற்கும்.

பெட்டியில் பேரிக்காய், பீச் என்று போட்டிருக்கிறதே, அந்தப் பழங்களிலிருந்து எடுத்ததா?

அநேகமாக ஒரு துளிகூட இல்லை. எலுமிச்சை, தோடம்பழம் போன்றவற்றின் தோலைப் பிழிந்தால் எண்ணெய் வரும். பேரிக்காய், பீச், ஆப்பிள், ஸ்ட்ரோபெரி ஆகியவற்றை எவ்வளவு பிழிந்தாலும் சாறுதான் வரும், சென்ட்டுக்கு உதவும் எண்ணெய் வராது. அதனால் அந்த மணங்களை ஆய்வுகூடத்தில் கட்டுகிறார்கள்.

பீச் மணத்தின் முதுகெலும்பு காமா-அன்டெகலக்டோன். 1908ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. வாசனைத் தொழிலில் அதற்கு 'அல்டிஹைட் சி-14' என்ற பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது அல்டிஹைடே அல்ல. பேரிக்காய்க்கு ஹெக்சைல் அசிடேட்டும் ஐசோஅமைல் அசிடேட்டும். பின்னதை வாழைப்பழ மிட்டாயில் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம். ராஸ்பெரிக்கு ராஸ்பெரி கீட்டோன். வேகவைத்த ஆப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் சேர்ந்த மணத்துக்கு டமஸ்கோன் குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒன்றை முதலில் கண்டுபிடித்தது பல்கேரிய ரோஜா எண்ணெயில்தான். ஆகவே ரோஜாவுக்குள் பழம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் போத்தலில் சேர்த்து வைப்பவர் புதுச் சம்பந்தம் பேசவில்லை, பழைய உறவைத்தான் நினைவூட்டுகிறார்.

பூக்களிலும் இதே கதை உண்டு. பியோனி, பள்ளத்தாக்கு லில்லி ஆகியவற்றிலிருந்து பயன்படும் சத்து கிடைப்பதில்லை. பெட்டியில் அந்தப் பெயர்கள் இருந்தால் அது ஓவியம் என்று கொள்ளுங்கள். மல்லிகையும் ரோஜாவும் உண்மையிலேயே எடுக்கப்படுகின்றன, ஆனால் விலை அதிகம் என்பதால் நடுத்தரச் சென்ட்டில் ஒரு சிட்டிகைதான் இருக்கும். மீதிக்கு ஹெடியோன் போன்றவை வரும். மல்லிகைப் பந்தலில் காற்று அடிக்கும்போது மூக்குக்கு வரும் அந்த வெளிறிய, எலுமிச்சை கலந்த வாசம் தெரியுமல்லவா? ஹெடியோன் அதுதான்.

செயற்கை என்றதும் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். செயற்கைப் பொருள் இல்லாவிட்டால் பேரிக்காய்ச் சென்ட் என்ற ஒன்றே இருந்திருக்காது.

இந்த வகை எப்போது வந்தது?

பீச்சைப் பூவோடு சேர்த்துப் புகழ்பெற்ற முதல் சென்ட்களில் ஒன்று, ஜாக் கெர்லான் 1919இல் செய்த மிட்சுகோ. ஆனால் அது பாசியும் மரமும் கலந்த கனமான சென்ட், இன்றைய பிள்ளைகள் அதை மணந்தால் பின்வாங்குவார்கள். 1990இல் லாங்கோம் வெளியிட்ட ட்ரெசோர் ரோஜாவையும் பீச்சையும் இறுகக் கட்டியது. 1999இல் டியோரின் ஜாடோர் வந்தது. கலீஸ் பெக்கர் செய்தது. பேரிக்காயும் மெலனும் தொட்ட மல்லிகை, பளபளப்பு. இன்று கடையில் காணும் பாதிப் போத்தல்களுக்கு அதுவே பாட்டி. 2004இல் டோனா கரன் நியூயோர்க்கின் பீ டெலிசியஸ் ஆப்பிள் வடிவப் போத்தலிலேயே வந்து சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. அதன் பிறகு வெள்ளம்தான்.

ஒரு நாளில் அதன் மணம் எப்படி மாறும்?

பேரிக்காயும் மல்லிகையும் கொண்ட ஒரு போத்தலைக் கொப்பியில் குறித்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க அணிந்து பார்த்தேன். ஹட்டனில், ஒரு மாசி மாதக் காலையில்.

ஏழரை மணி: அடித்தவுடன் மூக்கில் ஏறியது ஸ்பிரிட்டு மட்டும். ஒரு நிமிடம் பொறுத்தபின் பேரிக்காய். சந்தையில் வாங்கிய பழத்தை நகத்தால் கீறினால் வரும் அந்த நீர்த்த, லேசாகப் புளித்த மணம். ஏழே முக்காலுக்குத் தேநீர் குடித்தேன், பேரிக்காய் இன்னும் இருந்தது. எட்டேகாலுக்கு அது தோலை உதறிக்கொண்டு போய்விட்டது. மல்லிகை வந்தது, ஆனால் சரத்தில் இருக்கும் மல்லிகை அல்ல, கழுவி உலர்த்திய மல்லிகை. பூவுக்கே உரிய அந்தக் கொஞ்சம் அழுக்கான இன்டோல் வாடையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். பகல் பன்னிரண்டு வரை இதுதான். அதன் பிறகு மணம் தோலோடு ஒட்டிக்கொண்டது, மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனால்தான் தெரிந்தது. மாலை ஐந்துக்கு வெள்ளைக் கஸ்தூரியும் வனிலாவும். மறுநாள் காலை ஸ்வெட்டரின் கை விளிம்பில் மூக்கை வைத்தேன். இஸ்திரி போட்ட துணியும் பால்கோவாவும் சேர்ந்த மாதிரி ஒரு மிச்சம். எனக்கு இந்தக் கடைசி மிச்சம்தான் மிகவும் பிடித்தது. ஆனால் கடையில் நின்று ஐந்து நிமிடத்தில் வாங்கிப் போகும் யாரும் அதை அறிவதில்லை.

காரணம் எளிது. லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும், கனமானவை கடைசி வரை தங்கும். பேரிக்காய் லேசு, பீச்சின் லக்டோன் கனம். ஆகவே பழம் நெடுநேரம் நிற்க வேண்டும் என்றால் பேரிக்காய், ஆப்பிளை விட்டுவிட்டுப் பீச், பிளம்ஸ் பக்கம் போங்கள்.

கொழும்பில் மணந்து பார்த்து வாங்கினேன். நுவரெலியாவுக்கு வந்ததும் மணமே இல்லை. போலியா?

அநேகமாக இல்லை, குளிர்தான். கொழும்பில் 30 பாகை வெயிலில் தோல் சூடாக இருக்கும், மணம் ஆவியாகி ஓடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் கொழுந்தைக் கருக்கும் அளவுக்கு உறைபனி விழும் ஊர். அங்கே வெளியில் தெரியும் மணிக்கட்டும் கழுத்தும் குளிர்ந்திருக்க, மணப்பொருள் மெதுவாகத்தான் எழும். போதாததற்கு நம் மூக்கும் குளிரில் மந்தமாகும். சளி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. கொழும்பில் பத்து நிமிடத்தில் பறக்கும் பழம் இங்கே அரை மணி நேரம் நின்று பேசும். இனிப்பும் அங்கே போலத் திகட்டாது. வனிலா கூடிய பூ-பழச் சென்ட்டை வெள்ளவத்தைக் கடற்கரையில் என்னால் சகிக்க முடிவதில்லை. அதே போத்தல் இங்கே மூடுபனியில் கருப்பட்டித் தேநீர் மாதிரி இதமாக இருக்கிறது.

உடரட்ட மெனிக்கே ரயிலில் கொழும்புக்குக் கீழே இறங்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஹட்டனில் அடிக்கும் அளவில் பாதியைக் கொழும்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இங்கே அதிகமாக அடிக்கலாமா? எத்தனை தடவை சரி?

இரண்டு. ஈ.டி.டி. (சற்று நீர்த்த வகை) என்று பெட்டியில் இருந்தால் மூன்று. இந்தப் பக்கத்தில் நான் பிடிவாதமாகச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். எனக்குப் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதக் காலை. நுவரெலியாவில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. நல்ல குளிர், மழை. ஒரு தடவை அடித்தேன், தெரியவில்லை. மூன்று தடவை அடித்தேன், இன்னும் தெரியவில்லை. ஏழாவது தடவைக்குப் பிறகு ஸ்வெட்டரைப் போட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மழைக்கு எல்லாக் கண்ணாடியும் பூட்டு. தலவாக்கலை தாண்டும்போது பஸ் நிறைந்து, உள்ளே வெந்து, நான் சால்வையைத் தளர்த்தினேன். அவ்வளவுதான், ஸ்வெட்டருக்குள் அடைபட்டிருந்த ஏழு தடவைச் சென்ட்டும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. முன் இருக்கையில் இருந்த குழந்தை முதலில் தும்மியது. அடுத்த வளைவில் வாந்தி எடுத்தது. அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. எழுந்து கண்ணாடியை முழுவதுமாகத் திறந்துவிட்டு உட்கார்ந்தார். நானுஓயா வரை மழை எங்கள் எல்லோர் மேலும் அடித்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "யாரு பிள்ள சென்டு கடைய தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

குளிரில் தெரியாத மணம் இல்லாத மணம் அல்ல. அது துணிக்குள் காத்திருக்கிறது. நம் ஊரில் ஆட்கள் சேரும் இடமெல்லாம் மூடிய இடம்: பஸ், வான், வகுப்பறை, மழைக்கால மண்டபம். வீட்டு வாசலில் நின்று அளவு பார்க்காதீர்கள், கண்ணாடி பூட்டிய பஸ்ஸை நினைத்து அளவு பாருங்கள். பூ-பழச் சென்ட்டில் இந்தத் தவறு எளிதில் நடக்கும். தொடக்கத்தில் அது பச்சைத் தண்ணீர் மாதிரி லேசாகத் தெரிவதால் "இன்னும் கொஞ்சம்" என்று கை போகும். அடியில் இருக்கும் கஸ்தூரியும் வனிலாவும் கூடிக்கொண்டே போவது அப்போது தெரியாது.

காலையில் அடித்தது பத்து மணிக்கு எனக்கே தெரியவில்லை. மறுபடி அடிக்கலாமா?

முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஒரே மணத்தை மூக்கு சில நிமிடங்களில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்பவருக்குத் தேயிலை வாசம் தெரியாதது இதனால்தான். தவிர, சில கஸ்தூரி வகைகளை மணக்கவே முடியாத மூக்குகள் உண்டு. உங்களுக்கு முடிந்துபோனதாகத் தோன்றும் சென்ட், பக்கத்து மேசைக்காரருக்கு மாலை வரை மணந்துகொண்டிருக்கலாம்.

எங்கே அடிப்பது? மணிக்கட்டில் அடித்துத் தேய்க்க வேண்டுமா?

தேய்க்க வேண்டாம். சூடேறி மேல் மணம் சீக்கிரம் போகும், வேறு பயன் இல்லை. குளித்து, தோல் முழுவதுமாக உலரும் முன் மணமில்லாத ஒரு களிம்போ இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ தடவி, அதன்மேல் அடித்தால் நின்று மணக்கும். வறண்ட தோல் சென்ட்டைக் குடித்துவிடும். மலைக்காற்றில் நம் தோல் எப்போதும் வறண்டதுதான்.

மலையகத்துக்கு என் தனிப்பட்ட யோசனை: ஒன்று உடைக்குள் மார்பில், ஒன்று சால்வை நுனியில். கம்பளி நூல் மணத்தைப் பிடித்துவைக்கும் விதத்துக்குத் தோல் ஈடாகாது. ஆனால் அதே சால்வையில் நாளை வேறு சென்ட் அடித்தால் இரண்டும் சண்டை போடும். பட்டில் அடிக்கவே வேண்டாம், கறை விழும். முத்துமாலை போடுவதாக இருந்தால் சென்ட் காய்ந்தபின் போடுங்கள்.

ஈ.டி.பி., ஈ.டி.டி., பொடி மிஸ்ட் — என்ன வித்தியாசம்?

ஸ்பிரிட்டில் எவ்வளவு மணச்சாறு கரைந்திருக்கிறது என்பதுதான். ஈ.டி.பி.யில் பொதுவாக 15 முதல் 20 வீதம், ஈ.டி.டி.யில் 5 முதல் 15 வரை, பொடி மிஸ்ட்டில் 3 வீதத்துக்கும் கீழே. ஒரே பெயரில் வரும் ஈ.டி.பி.யும் ஈ.டி.டி.யும் பல வேளைகளில் வெவ்வேறு சென்ட்கள். ஈ.டி.டி.யில் பழம் முன்னால் நிற்கும், ஈ.டி.பி.யில் பூவும் வனிலாவும். ஒரு தடவை அழுத்தினால் ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர் போகும். ஆகவே 50 மில்லிலீற்றர் போத்தல் 500 தடவைக்கு வரும். தினமும் இரண்டு என்றால் எட்டு மாதம். கணக்குப் போட்டு வாங்குங்கள்.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிறேன். சென்ட் போட்டுப் போகலாமா?

வேண்டாம். உலர்ந்த தேயிலைத் தூள் ஈரத்தை உறிஞ்சுவது போலவே மணத்தையும் உறிஞ்சும். சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். தேயிலையோடு பூவைப் பரப்பி, மணம் ஏறியபின் பூவை அகற்றிவிடுவார்கள். சலித்துத் தரம் பிரிக்கும் இடத்தில் உங்கள் ராஸ்பெரி ஏறினால் அது யாருக்கும் லாபமில்லை. தேநீர் சுவைத்துத் தரம் சொல்பவர்களும் வேலை நாளில் சென்ட் தொடமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்ட்டில் பூ என்று நாம் காசு கொடுத்து வாங்கும் லினலூல், ஜெரனியோல் இரண்டும் தேயிலைக் கொழுந்திலேயே இருக்கின்றன. ரோஜாவில் பழ மணம் தரும் டமஸ்செனோனும் கறுப்புத் தேநீரில் உண்டு. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்துத் தேயிலைக்கு ஒரு குளிர்ச்சியான மணம் வரும். அது மெதைல் சாலிசிலேட், வலிக்குத் தடவும் தைலத்தில் இருப்பதும் அதே பொருள். ஸ்டோரில் கொழுந்தை வாட்டும் மாடியில் இரவில் நின்றால் ஆப்பிளும் பூவும் கலந்த மாதிரி ஒரு வாசம் வருமே, என் மூக்குக்கு அதுவும் ஒரு பூ-பழச் சென்ட்தான். விலையில்லாமல் கிடைக்கிறது.

கொழுந்து மலைக்குப் போகும்போது?

அங்கேயும் வேண்டாம், இம்முறை காரணம் வேறு. பேரிக்காய், வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட்டைப் பற்றி மேலே சொன்னேன். தேனீ கொட்டும்போது மற்றத் தேனீக்களை உசுப்பிவிட வெளியிடும் எச்சரிக்கை மணத்தின் முக்கியப் பொருளும் அதுவேதான். தேனீ வளர்ப்பவர்கள் கூட்டுப் பக்கம் வாழைப்பழம் கொண்டுபோகாதது அதனால். கொழுந்து பறிக்கும் மலையில் குளவியும் தேனீயும் கலைந்து கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்குப் புதிய செய்தியல்ல. சென்ட் அடித்தால் கட்டாயம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. கூடு இருக்கும் மலையில் அந்த மணத்தோடு நிற்பானேன்?

தலையில் மல்லிகைச் சரம் வைக்கும் நாளில் இந்தச் சென்ட் பொருந்துமா?

பொருந்தாது. உண்மையான மல்லிகைக்கு முன்னால் போத்தல் மல்லிகை பிளாஸ்டிக் பூ மாதிரி தெரிந்துவிடும். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகிறீர்கள் என்றால் சரம், சாம்பிராணி, கற்பூரம், சந்தனம் எல்லாம் அங்கே காத்திருக்கின்றன. போத்தல் வீட்டில் இருக்கட்டும். கட்டாயம் வேண்டுமென்றால் பூ குறைந்த, பீச் மிகுந்த ஒன்றை ஒரே தடவை அடியுங்கள். விளக்கு ஏற்றும் முன் நன்றாகக் காயவிடுங்கள். சென்ட்டில் பெரும்பகுதி ஸ்பிரிட்டு, நெருப்புக்கு அதன்மேல் ஆசை அதிகம். விறகடுப்புப் பக்கத்திலும் அடிக்க வேண்டாம்.

சித்தி குவைத்திலிருந்து கொண்டுவந்த போத்தல் ஐந்து வருடமாகப் பெட்டியில் இருக்கிறது. நிறம் மாறிவிட்டது. எறிந்துவிடவா?

எறிய வேண்டாம், முதலில் ஒரு கடதாசித் துண்டில் அடித்துப் பாருங்கள். நம் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு போத்தல் இருக்கிறது. மகள் சமைந்தால் திறக்கலாம், கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று சேலை மடிப்புக்குள் வைத்துக் காக்கப்பட்ட போத்தல். நிறம் கறுத்ததாலேயே அது கெட்டது என்று பொருள் இல்லை. வனிலினும் இன்டோலும் உள்ள சென்ட் காலப்போக்கில் தேநீர் நிறத்துக்கு வரும். கெட்டதற்கு அடையாளம் மூக்கில்தான்: முதல் பழம் போய்ப் பழைய எண்ணெய் வாடை அல்லது வினாகிரி நெடி வந்தால் முடிந்தது. மேலே இருந்த பழம் மட்டும் மங்கி, கீழே பூ நன்றாக இருந்தால் அணியலாம்.

ஆனால் பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். பியூட்டைல்பினைல் மெதைல்புரோபியனல் என்று இருந்தால், அது லிலியல் என்ற பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் மாதம் முதல் அதை அழகுசாதனங்களில் தடைசெய்துவிட்டது. அப்படிப்பட்டதைத் தோலில் பூசாமல் அலுமாரித் துணிக்கு வைத்துக்கொள்ளலாம். சித்திக்கு மனவருத்தமும் இல்லை.

இன்னொன்று. திறக்காமல் காக்கும் போத்தலும் வயதாகிறது. சித்தி அங்கே பட்ட பாட்டுக்கு அது அவர் கண் முன்னாலேயே மணப்பதுதான் மரியாதை என்பது என் எண்ணம்.

எங்கே வைப்பது?

இருட்டில். மலையகக் குளிர் சென்ட்டுக்கு நல்லது, ஜன்னல் வெளிச்சம் கெடுதல். கொழும்பிலிருந்து கொண்டுவரும் சிறு உருளைப் போத்தல் பையில் கசிந்திருந்தால் வியக்க வேண்டாம். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று வெளியே வரப் பார்க்கிறது. சிப்ஸ் பைக்கற் நுவரெலியாவில் உப்பிக்கொள்வதும் இதனால்தான். மூடியை இறுக்கி, பொலித்தீனில் சுற்றி, நிமிர்த்தி வையுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெட்டியின் அடியில் உள்ள தொகுதி எண்ணும் போத்தலின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அச்செழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது, மூடி ஆட்டம் காட்டக் கூடாது, தெளிப்பு தூவானமாக வர வேண்டும், துளித்துளியாக அல்ல. இவையெல்லாம் சரியாக இருக்கும் போலியும் உண்டு. அதனால் நான் கடைசியில் பார்ப்பது மாற்றத்தை: போலி பெரும்பாலும் முதல் பத்து நிமிடம் அசல் மாதிரியே மணக்கும். பிறகு பூ வராது. பழத்திலிருந்து நேரே வெறும் இனிப்புக்கு விழுந்துவிடும்.

விலையுயர்ந்த பெயரின் போலியைவிட, சொந்தப் பெயரில் வரும் மலிவான சென்ட் எவ்வளவோ மேல். லட்டாஃபாவின் யாரா போன்ற வளைகுடாப் போத்தல்களைப் பிள்ளைகள் தேடி வருவதில் எனக்குக் குறையில்லை.

அரிப்பு, வீசிங் உள்ளவர்கள்?

வீசிங் இருந்தால் வீட்டில் ஒருவருக்கு என்றாலும் எல்லோரும் குறைக்க வேண்டும். கைக்குழந்தை தூக்கும் நாளில் கழுத்தில் அடிக்காதீர்கள். அரிப்புக்கு: முழங்கை மடிப்பில் ஒரு துளி, ஒரு நாள் காத்திருப்பு. லினலூல் காற்றுப் பட்டுப் பழையதானால் ஒவ்வாமை தரக்கூடிய பொருளாக மாறும். ஆகவே நெடுநாள் பாதியாகக் கிடந்த போத்தலை மறுபடி எடுக்கும்போதும் இந்தச் சோதனை தேவை. தடித்துச் சிவந்தால் வைத்தியரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஆண்கள் போடலாமா? ஐம்பது வயதில் போடலாமா?

இரண்டுக்கும் போடலாம். என்னிடம் அத்திப்பழ மணச் சென்ட் மட்டும் வாங்கும் ஓட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். மூக்குக்கு அடையாள அட்டை கிடையாது.

வாங்கும்முன் எப்படிப் பார்க்க வேண்டும்? கோப்பிக்கொட்டை மணந்தால் மூக்கு தெளியுமா?

கோப்பிக்கொட்டை இன்னொரு வாசம், அவ்வளவுதான். உங்கள் ஸ்வெட்டர் கையை மணந்தால் அதே பலன், செலவில்லை. கடதாசியில் முதலில், பிடித்தால் தோலில். அடித்துவிட்டு வெளியே போங்கள். பஸ் நிலையம் வரை நடங்கள், மரக்கறி வாங்குங்கள், ஒரு தேநீர் குடியுங்கள். பேரிக்காய் போய் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்த மிச்சத்தோடுதான் எட்டு மாதம் வாழப்போகிறீர்கள்.

ஒரே நாளில் எத்தனை பார்க்கலாம்?

இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. மூன்றாவதுக்கு நாளை வாருங்கள்.